பதினெட்டாம் கட்டம்

கரட்டுப்பதி சுகாதார நிலையத்துக்கு இருந்தது ஒரே ஒரு ஜீப். எந்தப் பிள்ளைத்தாய்ச்சியை அதில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது என்று முடிவு செய்தவள் ராசம்மாள். பதினோரு வருஷமாக அந்தப் பஞ்சாயத்தில் பிரசவம் பார்க்கும் நர்ஸ். காலை அழுத்திப் பார்ப்பாள், கண்ணிமையை இழுத்துப் பார்ப்பாள், வயிற்றில் காதை வைத்துக் கேட்பாள், "வண்டிய எடுங்க" என்பாள். டிரைவர் முகம்மது குட்டி பீடியை அணைத்துவிட்டு எழுந்துவிடுவார். டாக்டராக இருப்பவருக்குத் தகவல் அப்புறம்தான் போகும்.

பெட்ரோல் விலை தாறுமாறாக ஏறிய வருஷத்தில் அந்த ராஜ்யம் முடிந்தது. மாதத்துக்கு இவ்வளவு லிட்டர்தான் என்று மேலிடத்திலிருந்து கடுதாசி வந்தது. கடுதாசிக்குப் பின்னாலேயே டாக்டர் ராமசேஷன் வந்தார்.

பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர். சீமைக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தவர். கெட்ட மனிதர் என்று சொல்ல நாக்கு வராது. கெட்ட மனிதராக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு மனசை ஆற்றிக்கொள்ளலாம். ஏழை வீட்டில் மோர் கொடுத்தாலும் வாங்கிக் குடிப்பார், குழந்தைகளின் பெயரை நினைவில் வைத்துக்கொண்டு விசாரிப்பார். அவர் கொண்டுவந்ததுதான் மஞ்சள் கார்டு.

ஒவ்வொரு பிள்ளைத்தாய்ச்சிக்கும் ஒரு கார்டு. கார்டில் பதினெட்டுக் கட்டம். வயது, எத்தனையாவது பிள்ளை, காலில் வீக்கம் உண்டா, தலைவலி உண்டா, இரத்தப்போக்கு உண்டா என்று பதினேழு கேள்வி. பதினெட்டாவது கட்டத்தில் முடிவு. தாயும் பிள்ளையும் சுகம் என்றால் 1, பிள்ளை இறந்தால் 2, தாய் இறந்தால் 3. கேரளத்துக்குள், தமிழ்நாட்டு எல்லையோரமாக இருந்த எட்டுப் பஞ்சாயத்துகளின் கார்டுகளும் மெட்ராஸுக்குப் போகும். அங்கே அவற்றைத் துளைபோட்ட அட்டைகளாக மாற்றி ஒரு கம்ப்யூட்டருக்குக் கொடுப்பார்கள்.

"அது பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக்கும்" என்றார் டாக்டர். "நீங்கள்ளாம் எழுதறதை வாசிச்சு வாசிச்சுத் தானே கத்துக்கும். யாருக்கு ஆபத்து, யாருக்கு இல்லைன்னு நமக்குத் திருப்பிச் சொல்லும்."

"ஏனுங்க டாக்டர், ஆளை நேருல பாக்காத பொட்டிக்கு என்னங்க தெரியும்?"

"உங்க கண்ணு இதுவரைக்கும் எத்தனை பேரைப் பாத்திருக்கும்? ஆயிரம்? அது நாலாயிரம் பேரைப் பாக்கப்போறது, ராசம்மா."

 நாலாயிரத்துக்கு முன்னால் ஒருத்தி என்ன பேசுவது?

கார்டின் அடியில் மலையாளத்தில் ஒரு குறிப்பு அச்சடித்திருந்தது. பிரசவமோ மரணமோ மாநில எல்லைக்குள் நடந்தால் மட்டும் பதினெட்டாம் கட்டத்தை நிரப்ப வேண்டும். எல்லைக்கு வெளியே நடந்தால் காலியாக விட வேண்டும். ஒரே ஆளை இரண்டு மாநிலத்திலும் கணக்கில் சேர்த்துவிடக்கூடாது என்பதற்காக வைத்த விதி. நல்ல விதி. யோசித்துத்தான் வைத்திருந்தார்கள், கரட்டுப்பதிக்கு வந்து யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு வருஷம் ராசம்மாள் சைக்கிள் மிதித்து மிதித்துக் கார்டு எழுதினாள். அதன் பிறகு அட்டவணை வந்தது. ஒவ்வொரு குறிக்கும் இத்தனை மார்க் என்று போட்டிருந்தது. கூட்டினால் பத்தோ அதற்கு மேலோ வந்தால் ஜீப். வராவிட்டால் வீட்டிலேயே பிரசவம்.

முதலில் அவளுக்குப் பிடிக்கவில்லைதான். ஆனால் மளிகைக்கடை அப்பாஸின் மனைவி ருக்கியாவுக்கு ஐந்தாவது பிரசவம் வந்தது. ஆள் கல்லுக்குண்டாக இருந்தாள். ராசம்மாளின் கண்ணுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அட்டவணையோ பதினொன்று காட்டியது. வேண்டாவெறுப்பாக ஏற்றி அனுப்பினாள். ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்த கையோடு இரத்தம் மடை திறந்துகொண்டது. ஏற்றுவதற்குப் பக்கத்திலேயே இரத்தம் இருந்ததால் ருக்கியா பிழைத்தாள். ஜீப் போகாதிருந்தால் பாயிலேயே முடிந்திருக்கும். அப்பாஸ் ஒரு டப்பா பேரீச்சம்பழத்தோடு வந்து நின்றபோது, இதை எனக்குக் கொடுக்காதே, அந்த அட்டவணைக்குக் கொடு என்று சொல்லத் தோன்றியது. அன்றோடு ராசம்மாள் அதற்கு அடிமையாகிவிட்டாள்.

ஒன்று மட்டும் உறுத்தியது. தலைப்பிரசவத்துக்கு அட்டவணையில் பூஜ்யம். கால் வீக்கத்துக்கு ஒன்று. தலைவலிக்கு ஒன்று. அவள் கையில் அதிகாரம் இருந்த காலத்தில் இந்த மூன்றும் சேர்ந்தவளைத்தான் முதலில் ஜீப்பில் ஏற்றியிருப்பாள். டாக்டரிடம் கேட்டாள். அவர் நீளமான தாளை விரித்துக் காட்டினார்.

"எட்டுப் பஞ்சாயத்துலயும் சேத்து எண்ணூத்தி இருபது தலைப்பிரசவம். அதுல அம்மா போனது ஒண்ணே ஒண்ணு. நாம பயந்த அளவுக்கு இல்லை, பாத்தேளா?"

பார்த்தாள். அச்சடித்த எண். மறுத்துப் பேச அவளிடம் இருந்தது பழைய பயம் மட்டும்தான்.

இந்த நேரத்தில்தான் பூவாத்தாள் முழுகாமல் இருந்தாள்.

பூவாத்தாள் ராசம்மாளின் அக்கா மகள். ஒன்பது வயதில் தாயை இழந்தவள். தகப்பன் மறையூர்ப் பக்கம் கரும்பு ஆட்டப் போனவன், அங்கேயே இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டான். புருஷனை இழந்து, பிள்ளை குட்டி இல்லாமல் ஆஸ்பத்திரிக் குடியிருப்பில் இருந்த ராசம்மாள்தான் அவளை வளர்த்தாள், தலை பின்னினாள், இரண்டு மைல் தள்ளி நாலு ஏக்கர் கடலைக்காட்டுக்காரன் நஞ்சப்பனுக்குக் கட்டிக் கொடுத்தாள். பெயர்தான் சின்னம்மா, அவளுக்கு இருந்த அம்மா அதுதான்.

அந்தப் பக்கத்துக் குடியானவர் வீடுகளில் தலைப்பிரசவம் பொறந்த ஊட்டில்தான். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளையல் போட்டு அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள். பெண் கொடுப்பதும் எடுப்பதும் கோயமுத்தூர்ப் பக்கம் என்பதால், கரட்டுப்பதி மருமகள்களில் முக்கால்வாசிப் பேர் எல்லையைத் தாண்டிப் போய்த்தான் முதல் பிள்ளை பெறுவார்கள். பூவாத்தாளை அழைக்க ராசம்மாள் தட்டு எடுத்துக்கொண்டு போனாள். நஞ்சப்பனின் தாயார் தட்டைத் தொடவில்லை.

"தப்பா நெனைக்காதீங்க. தாலி இல்லாத ஊட்டுல இருந்து வந்து மொதப் பிள்ளைக்குக் கூட்டிட்டுப் போறது ஆகாதுங்க. இங்கயே பெத்துக்கட்டும். நர்ஸம்மா நீங்கதான் பக்கத்துலயே இருக்கறீங்களே."

எத்தனை விதவைகளுக்கு எத்தனை பேர் சொன்ன வார்த்தை! ராசம்மாள் விழுங்கிக்கொண்டாள். பூவாத்தாள் புருஷன் வீட்டிலேயே இருந்தாள். அவளுக்கும் ஒரு மஞ்சள் கார்டு எழுதினாள் சின்னம்மா.

எட்டாம் மாதம் முடிகிற சமயம். ஒரு புதன்கிழமை மத்தியானம் ராசம்மாள் போனபோது பூவாத்தாள் சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள்.

"நேத்துல இருந்து தல வெடிக்குது சின்னம்மா. கண்ணு முன்னால என்னமோ மினுக்கு மினுக்குங்குது."

காலை அழுத்தினாள். விரல் பதிந்த குழி எழும்பவே இல்லை. முகமும் உப்பியிருந்தது.  ராசம்மாள் பையிலிருந்து மார்க் தாளை எடுத்தாள். தலைப்பிரசவம் பூஜ்யம். வீக்கம் ஒன்று. தலைவலி ஒன்று. வயது பத்தொன்பது, பூஜ்யம். உயரம் கம்மி, இரண்டு. கூட்டினால் நாலு.

இரத்தப்போக்குக்கு ஆறு மார்க். அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டால் பத்து ஆகிவிடும். ராசம்மாளுக்கு அது தோன்றியது. பென்சில் அந்தக் கட்டத்துக்கு மேலேயே நின்றது. ஆனால் அந்த மாதம் இன்னும் ஒரு தடவை போய்வரத்தான் ஜீப்பில் பெட்ரோல் இருந்தது. ஒழலப்பதிப் பக்கத்தில் ஒருத்தி பதினொரு மார்க்கோடு காத்திருந்தாள். தவிரவும், இத்தனை வருஷத்தில் அவள் ஒரு பொய் எண் எழுதியதில்லை. சொந்தக்காரிக்கு ஜீப் விட்டாள் என்று ஒரு பேச்சு வந்தால் செத்துவிடலாம் என்று நினைக்கிற சாதி அவள். கோடு போடாமல் பென்சிலைச் செருகிக்கொண்டு டாக்டரிடம் போனாள்.

ராமசேஷன் தாளை வாங்கிப் பார்த்தார். இரத்த அழுத்தம் பார்க்கிற கருவியின் ரப்பர் கிழிந்து மூன்று மாதம். எழுதிப் போட்டும் வரவில்லை.

"நாலுதானே? நம்ம பொண்ணுன்னா பயம் வந்துடும். எனக்கும் வரும். உப்பைக் கொறைச்சுண்டு படுத்திருக்கச் சொல்லுங்கோ."

இதமாகத்தான் சொன்னார். கேட்ட பிறகு அவளுக்கே நிம்மதியாக இருந்தது. அதை நினைத்தால்தான் பிற்பாடு அவளுக்குத் தாங்காது. கோயமுத்தூர் பஸ் நாலரைக்கு உண்டு. யாருடைய ஜீப்பும் வேண்டாம், பிள்ளையைக் கைத்தாங்கலாக அதில் ஏற்றியிருக்கலாம். நாலு மார்க்குக்கு எதற்குப் பஸ் என்று இருந்துவிட்டாள். திரும்பிப் போய், "நாலுதான் கண்ணு, பயப்படாத" என்று நெற்றியில் துணி நனைத்துப் போட்டுவிட்டு வந்தாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு நஞ்சப்பன் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தான்.

"அத்தைங்க, ஜன்னி வந்துருச்சுங்க! கையி காலெல்லாம் வெட்டி வெட்டி இழுக்குதுங்க!"

ஜீப் பதினொரு மார்க்குக்காரியோடு பாலக்காடு போயிருந்தது. கோயமுத்தூர் போக வேலந்தாவளத்திலிருந்து ஒரு அம்பாசடர் வாடகைக்குப் பிடித்து வருவதற்குள் இன்னும் இரண்டு தடவை இழுத்துவிட்டது. எல்லைச் செக்போஸ்ட்டில் இருந்தவர் வண்டிக்குள் எட்டிப் பார்த்ததும் கேட்காமலே கட்டையைத் தூக்கினார். ராசம்மாள் பூவாத்தாளின் பற்களுக்கு நடுவே தன் முந்தானையைத் திணித்துப் பிடித்திருந்தாள். தமிழ்நாட்டுப் பக்கம் எட்டிமடை தாண்டியதும் இழுப்பு நின்றது. மூச்சும் நின்றது. "வண்டிய நிறுத்தாதீங்க" என்று அவள் கத்திக்கொண்டே இருந்தாள். வயிற்றில் காதை வைத்துக் கேட்டாள். அங்கேயும் சத்தம் இல்லை.

பத்தாம் நாள் காரியம் முடிந்த பிறகு மஞ்சள் கார்டை எடுத்துப் பதினெட்டாம் கட்டத்தில் 3 என்று எழுதினாள். ஒரு வாரத்தில் கார்டு திரும்பி வந்தது. அந்த 3-ஐச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம். பக்கத்தில், மரணம் நடந்த இடம் வெளி மாநிலம், கட்டத்தைக் காலியாக விடவும் என்று குறிப்பு.

கார்டை எடுத்துக்கொண்டு டாக்டரின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"காலியா உட்டா அந்தப் பொட்டி என்னன்னு எடுத்துக்குமுங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அந்தக் கேள்வியை அவரும் அப்போதுதான் தனக்குத் தானே கேட்டுக்கொள்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"துளை போடறவா காலிக் கட்டத்துக்குப் பூஜ்யம் போடுவா. பூஜ்யம்னா... விசேஷமா ஒண்ணும் நடக்கலைன்னு."

"ஒண்ணும் நடக்கலைன்னா?"

"அம்மா சாகலைன்னு, ராசம்மா."

அவள் வீட்டுக்குப் போய்ப் பதிவேட்டை விரித்தாள். இரண்டரை வருஷத்தில் அவள் கையாலேயே காலியாக விட்ட கட்டம் நூற்றுப் பன்னிரண்டு. நாலைந்தைத் தவிர எல்லாம் தலைப்பிரசவம். எல்லாம் பொறந்த ஊட்டுக்குப் போனவை. அதில் இரண்டு பேர் அங்கே போன இடத்தில் செத்தார்கள் என்பது அவளுக்கு முன்பே தெரியும். ஒருத்தியின் துக்கத்துக்குப் போய், மாமியாரைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு வந்தவள்தான், அன்று பொழுதோடு விதிப்படி கட்டத்தைக் காலியாக விட்டாள். எழுத்து வேறு, அழுகை வேறு என்று இருந்திருக்கிறாள். மிச்சப் பேரை வீடு வீடாகப் போய் விசாரித்தாள். பதினொரு நாள் ஆயிற்று. இன்னும் மூன்று பேர். பூவாத்தாளோடு சேர்த்து ஆறு. ஆறு பேருக்கும் ஜன்னி, அல்லது கால் வீங்கித் தலை வெடிக்கிறது என்ற புகார்.

பொட்டி பொய் சொல்லவில்லை. செத்தவர்களை எல்லாம் எல்லைக்கு அக்கட்ட வைத்துவிட்டுத்தான் அதற்குப் பாடம் நடத்தியிருந்தார்கள். நடத்திய வாத்திச்சிகளில் ஒருத்தி ராசம்மாள். ஐந்தாவது பிள்ளையைப் பெறுகிறவள் சொந்த வீட்டில் பெற்றாள், சொந்த வீட்டில் செத்தாள். அவளை அதற்கு நன்றாகத் தெரியும். தலைச்சன் பிள்ளைக்காரியின் சாவை அது கண்ணாலேயே பார்த்ததில்லை.

ஆறு பெயரையும் எழுதி டாக்டரிடம் கொடுத்தாள். அவர் இரண்டு தடவை படித்தார்.

"எட்டுப் பஞ்சாயத்தையும் சேத்தா நாப்பதுக்குக் கொறையாது" என்றார், யாரிடமோ சொல்வதுபோல. அப்புறம் நிமிர்ந்தார். "ரிப்போர்ட் டெல்லிக்குப் போயாச்சு. வேற ஜில்லாவுக்கும் இந்த அட்டவணையை அனுப்பறா. இப்போ போய்த் தப்புன்னு சொன்னா மொத்தத்தையும் மூடிடுவா. ருக்கியா மாதிரி இருக்கறவாளுக்கும் ஜீப் இல்லாம போயிடும். அடுத்த சுத்துல கார்டையே மாத்திடலாம்."

"அடுத்த சுத்து எப்பங்க?"

"ரெண்டு வருஷம் ஆகும்."

"ரெண்டு வருசத்துல எத்தன பேருங்க டாக்டர்?"

அவர் பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அந்தச் சட்டை வெளுக்கப் போனதோடு பட்டியலும் போயிருக்கும்.

ஆடி மாதக் கூட்டத்தில், கார்டு மாறாமலே, புதிய அட்டவணை மட்டும் வந்தது. ஒரு வருஷத்துக் கார்டுகளையும் சேர்த்துப் படித்துவிட்டு, கம்ப்யூட்டர் இன்னும் கொஞ்சம் கற்றுக்கொண்டிருந்தது. எட்டுப் பஞ்சாயத்து நர்ஸுகளும் பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக்கொண்டார்கள். தலைப்பிரசவம் இனிமேல் பூஜ்யம் இல்லை. ஒரு மார்க் கழிக்க வேண்டும். ஆயிரத்து நூற்று ஆறு தலைப்பிரசவத்தில் தாய் மரணம் ஒன்று. இந்த வருஷம் புதிதாக ஒரு மரணமும் இல்லை.

ராசம்மாள் எழுந்து நின்றாள்.

"அந்த ஆயிரத்துச் சில்லறையில என்ற அக்கா மவளும் இருக்கறாளுங்களா?"

 பூவாத்தாளின் சாவுக்கு வந்து ஒப்பாரி வைத்தவர்கள் அந்தப் பெஞ்சிலேயே மூன்று பேர் இருந்தார்கள். பென்சிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இருக்கா" என்றார் டாக்டர் மெல்ல. "உட்காருங்கோ, ராசம்மா."

சுகமாக இருப்பவர்களின் வரிசையில் பூவாத்தாளை உட்காரவைத்துவிட்டார்கள். அவள் செத்ததால் அடுத்தவளுக்கு ஒரு மார்க் குறைந்தது. இந்த அநியாயத்தை எந்தச் சாமியிடம் போய்ச் சொல்வது?

ஆவணியில் இருதயம்மாள் என்ற பெண்ணின் முறை வந்தது. மூணாறு எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்து, கரட்டுப்பதிச் செங்கல் சூளைக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டவள். தலைப்பிரசவம்.

"அம்மா வீட்டுக்குப் போலாம்னுதான் இருந்தோம் நர்ஸம்மா. மழையில ரோடு சரிஞ்சு பஸ்ஸு நின்னு போச்சு" என்றாள். ஆளும் உயரம் கம்மி. கால் வீங்கியிருந்தது. தலையைப் பிடித்துக்கொண்டுதான் பேசினாள்.

புதுத் தாளில் மூன்று மார்க் வந்தது. ராசம்மாள் இரத்தப்போக்குக் கட்டத்தில் கோடு போட்டாள். பத்தாததற்கு, முந்தின பிரசவத்தில் பிள்ளை இறந்தது என்ற கட்டத்திலும் ஒன்று போட்டாள். தலைப்பிரசவக்காரிக்கு ஏது முந்தின பிரசவம்? டாக்டர் அந்த இரண்டு கோட்டையும் பார்த்தார், அவளைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். முகம்மது குட்டிதான் பாதி வழியில் கேட்டார்.

"சிஸ்டரே, ரத்தம் போகுதுன்னீங்க. சீட்டுல ஒண்ணும் காணலையே?"

"நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

ஆஸ்பத்திரி வாசலிலேயே ஜன்னி கண்டது. உடனே ஊசி போட்டார்கள், வயிற்றைத் திறந்து பிள்ளையை எடுத்தார்கள். இரண்டு உயிரும் தப்பியது. இந்தப் பொய்யையும் அந்தப் பொட்டி ஒருநாள் படிக்கும்; படித்து எதைக் கற்றுக்கொள்ளுமோ, ராசம்மாள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. அப்புறம் வந்த தலைப்பிரசவக்காரிகள் ஒருத்தி பாக்கி இல்லாமல் எல்லோருக்கும் அவள் தாளில் இரத்தம் போயிற்று.

இருபது நாள் கழித்து இருதயம்மாளும் புருஷனும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவன் அவள் காலில் விழப் போனான். ராசம்மாள் பிள்ளையை வாங்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வந்தவர்கள் திகைத்துப்போய் வெயிலிலேயே நின்றார்கள்.

இரண்டு கோடு. அரை நிமிஷம்கூட ஆகவில்லை. இந்த வழி அன்றைக்குத் தோன்றாமல் போயிற்றே என்று அழ முடிந்திருந்தால் கொஞ்சமாவது ஆறியிருக்கும். தோன்றியதுதான். பூவாத்தாள் விஷயத்தில் மட்டும் நேர்மையாக இருந்துவிட்டாள்.